ஒரு கைத் தவிடு

மழை பெய்தால் மூங்கிலாத்துத் தோட்டத்தில் எல்லார் முகமும் தொங்கிப் போகும்; தவிட்டம்மா ஒருத்திக்குத்தான் கொண்டாட்டம். விடிகாலையில் மழை விழுந்தால் ரப்பர் மரத்துப் பட்டை நனைந்துவிடும். வெட்டினாலும் பால் மரத்தில் கட்டின மங்குக் கிண்ணத்துக்குள் இறங்காமல் பட்டையோடு வழிந்து மண்ணுக்குப் போகும். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் வாளியும் கத்தியுமாக நிற்கிற சனத்தைக் கங்காணி அப்பாவு கலைத்து விரட்டிவிடுவான். அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குக் கூலியும் கிடையாது. கோப்பெங்குக்கு மேற்கே நாலு கல் தொலைவில் இருந்த அந்தத் தோட்டத்தில், ஒருத்தருக்கு ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் பத்து வயது தவிட்டம்மாவைப் பாருங்கள். மழை விட்டதும் விடாததுமாகப் பள்ளிக்கூடத்துக் கொட்டகைக்குப் பின்னால் ஓடுவாள். அங்கே ஒரு அடிக்கட்டையின் மேல் காலிப் பால் டின் ஒன்றை வைத்திருந்தாள். கத்தியால் கோடு கீறின குச்சியை அதில் விட்டுப் பார்ப்பாள். எத்தனை கோடு நனைந்ததோ அத்தனை உயரத்துக்குக் கொட்டகையின் பலகைச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பாள். இரண்டு வருசமாக இழுத்த கோடு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஏறி இறங்கிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்து, எந்த மாதம் காலை மழை கூட, எந்த மாதம் சாயங்காலத்தோடு நின்றுவிடும் என்று தகப்பன் மாயாண்டிக்குச் சொல்வாள். மாயாண்டி முதலில் சிரித்தான். அப்புறம் அவள் சொல்லைக் கேட்டுத்தான் கோப்பெங் சந்தைக்குப் போக நாள் பார்த்தான்.

நாலாம் வகுப்புப் புத்தகத்தை அவள் ஒன்பது வயதிலேயே முடித்துவிட்டாள். அதற்கு மேல் அந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்பும் இல்லை, புத்தகமும் இல்லை. வாத்தியார் சதாசிவம் ஒண்டி ஆள். தஞ்சாவூர்ப் பக்கம் எட்டாவது வரைக்கும் படித்துவிட்டுக் கப்பலேறியவர். நாலு வகுப்பையும் ஒரே கொட்டகையில் வைத்து மேய்த்தார். மனசில் கள்ளம் கிடையாது. "எனக்குத் தெரிஞ்சது பூராவையும் அவளுக்குச் சொல்லிட்டேன். இனிமே அவ கேக்குறதுக்கு நான் பதில் படிச்சாத்தான் உண்டு" என்று தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயத்தில் எல்லாரிடமும் சொல்வார். இரண்டாவது வருசமாக அவள் அதே புத்தகத்தோடு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்படியே போனால் தை பிறந்ததும் புல்லுவெட்டுக்கு அரைப்பேரில் போக வேண்டியதுதான்.

இதிலெல்லாம் தாய் கருப்பம்மாளுக்குப் பெருமை இல்லையா என்றால், இருந்தது. நெஞ்சு கொள்ளாத பெருமை. ஆனால் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டாள். சனியனே, மூதேவி என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பிள்ளையும் பெற்றவளை அத்தை என்றுதான் கூப்பிடும். ஐந்து வயதில் ஒருநாள், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயக்கொட்டகையில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து "அம்மா" என்று சொல்லிவிட்டது. கருப்பம்மாள் வாயிலேயே ஒரு போடு போட்டாள். போட்டுவிட்டுப் போய் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

ஏன் என்று கேட்டால், அவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. மூத்தது, கப்பலை விட்டு இறங்கினதும் எல்லாரையும் அடைத்து வைத்த பினாங்கு முகாமில் வாந்திபேதி கண்டு போனது. அடுத்தது இந்த லயத்தில் குளிர்காய்ச்சலில் போனது. மூன்றாவதாக இவள் பிறந்ததும், பக்கத்துக் காம்பராவில் இருந்த இருளாயி வேலையில் இறங்கிவிட்டாள். தொப்புள்கொடி அறுத்த கையோடு பிள்ளையை முறத்தில் போட்டு லயத்துக் குப்பைமேட்டில் வைத்தார்கள். இருளாயி போய், யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளையை எடுப்பவள்போல எடுத்து வந்தாள். கருப்பம்மாள் அவளிடம் ஒரு கைத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்கினாள். எமன் வந்து கணக்குப் பார்த்தால் இது கருப்பம்மாள் பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை. ஊரில் எத்தனையோ வீட்டில் செய்கிறதுதான். ஆனால் கருப்பம்மாள் அதை இம்மி பிசகாமல் கடைப்பிடித்தாள். பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில்கூடத் தாயார் பெயர் இருளாயி என்றுதான் இருந்தது.

இப்படி இருக்கையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருசம் ஆவணி மாதத்தில் ஈப்போவிலிருந்து வாத்தியாருக்கு ஒரு கடுதாசி வந்தது.

ஈப்போவில் தாவூத் ராவுத்தர் என்று ஒருத்தர், சிலேட்டும் காகிதமும் துணியும் விற்கிற கடைக்காரர். அவருடைய ஒரே மகள் ஆசியா, பதினொரு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் நினைவாக வருசத்துக்கு ஒரு தமிழ் வாத்தியாருக்கு உதவி செய்வது என்று ராவுத்தர் ஏற்பாடு செய்திருந்தார். உதவி பிள்ளைக்கு நேராகப் போகாது, வாத்தியார் கைக்கு வரும். பாடப் புத்தகத்தைத் தாண்டிப் போகிற பிள்ளை யார், அந்தப் பிள்ளையை மேலே கொண்டுபோக வாத்தியாருக்கு என்ன வேண்டும் என்று எழுதிப் போட வேண்டும். சதாசிவம் கரிக்கோட்டுச் சுவரைப் பற்றி நாலு பக்கம் எழுதினார். மழை அளக்கிற கோடு போட்ட கண்ணாடிக் குப்பி ஒன்று, சூடு பார்க்கிற கருவி ஒன்று, கட்டம் போட்ட நோட்டு, காற்றும் மழையும் பற்றிச் சென்னப்பட்டணத்தில் அச்சான பெரிய பூகோளப் புத்தகம், அதைப் படித்துவிட்டுத் தாமே முதலில் விளங்கிக்கொள்ள மாதம் ஒரு சனிக்கிழமை ஈப்போப் பெரிய பள்ளி வாத்தியாரிடம் போய்வர வண்டிச் சத்தம். எல்லாம் தருகிறோம் என்று பதில் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கருப்பம்மாள் கருவாட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வாத்தியார் கடுதாசியும் கையுமாக வந்து, வாசலில் நின்றபடியே உரக்கப் படித்தார். லயமே கூடிவிட்டது. மாயாண்டிக்கு வாய் கொள்ளவில்லை. கருப்பம்மாள் அகப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"காலஞ்சென்றன்னு என்னமோ படிச்சீங்களே, அது என்ன வாத்தியாரய்யா?"

"அந்தப் பொண்ணு எறந்து போச்சும்மா. அதோட ஞாபகார்த்தமாத்தான் இதெல்லாம். சாமான் ஒவ்வொண்ணுலயும் அது பேர ஒட்டணும். ரிஜிஸ்தர்லயும் நம்ம புள்ள பேருக்கு முன்னால அந்தப் பேரச் சேத்து எழுதணும். ஆசியா ஞாபகார்த்த மாணவி தவிட்டம்மா. எவ்ளோ பெரிய மரியாத பாருங்க."

மனுசன் சந்தோசத்தில் சொன்னார், பாவம்.

"செத்த புள்ள பேர எம் புள்ள தலையில ஏத்துறீங்களா?" என்றாள் கருப்பம்மாள். சொன்ன பிறகுதான், எம் புள்ள என்று சொன்னது காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இருளாயிக்கா புள்ள தலையில" என்று மாற்றிச் சொன்னாள். பத்து வருசமாக யார் கண்ணுக்கும் படாமல் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு காகிதத்துண்டு போட்டு உடைத்துவிட்டதே என்று நினைத்தாள். அதுவும் எந்த வயசுப் பிள்ளை? பதினொன்று. இவளுக்கு வருகிற மாசியில் பதினொன்று.

மறுநாள் காலையில் தவிட்டம்மா பள்ளிக்கூடம் போகவில்லை. கருப்பம்மாளே அவளைப் பெரட்டுக்களத்துக்கு இழுத்துப்போய், அரைப்பேருக்குப் புல்லுவெட்டில் போடச் சொல்லிவிட்டாள். "பச்சப் புள்ளையாச்சே அது" என்று கங்காணி அப்பாவுகூடத் தயங்கினான். அந்தப் பெண் தன்னைவிடக் கொஞ்சமே குட்டையான மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சாயங்காலம் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து வந்தது. கருப்பம்மாள் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

அந்த வாரம் நாலு நாள் மழை. பலகைச் சுவரில் கோடு நின்றுபோனது. வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை, தாமே குச்சியை விட்டுப் பார்த்தார். நாலு நாள் தண்ணீரும் ஒன்றாகக் கிடந்த டின்னைக் கொட்டிவிட்டு, குத்துமதிப்பாக ஒரு கோடு இழுத்தார். அப்புறம் வெட்கப்பட்டு அதைத் துடைத்துவிட்டார்.

அவர் தினமும் வந்தார். கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். மாயாண்டியும் சொல்லிப் பார்த்தான். அவன் கட்டைவிரலை நீட்டத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் கடுதாசியில், பிள்ளையின் தாயார் கைநாட்டு வைக்க வேண்டும் என்று கண்டிப்பாக எழுதியிருந்தது. ராவுத்தர் வீட்டம்மா பிடிவாதமாக எழுதச் சொன்னாளாம். வாத்தியாருக்கு ஒரு குறுக்கு யோசனை தோன்றியது. ரிஜிஸ்தர்ப்படி தாயார் இருளாயிதானே, அவளிடமே போய்க் கேட்டார். இருளாயி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு வாத்தியாரே உங்க நாயம்" என்றாள் அவள். "நான் வித்தவ. தவிட்ட வாங்கிக் கோழிக்கும் போட்டுட்டேன். வித்த பொருளுக்கு நான் எப்படிக் கைநாட்டு வெக்கிறது? வாங்குனவள்ட்ட போய்க் கேளுங்க."

வேறு வழியில்லாமல் சதாசிவம் நடந்ததை அப்படியே ஈப்போவுக்கு எழுதிவிட்டார். தாயாருக்குச் சம்மதமில்லை, செத்த பிள்ளையின் பெயர் என்று பயப்படுகிறாள், வேறு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதும்போது அவருக்குக் கண் கலங்கியது.

அதற்குப் பதில் கடுதாசி வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்து முனையில் ஒரு வாடகை மோட்டார் வந்து நின்றது. தாவூத் ராவுத்தர் இறங்கி, வாத்தியாரோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனார். பின்னால் இறங்கிய அவர் மனைவி மெஹர்பானு வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மழைக் குப்பியும் புத்தகமும் வைத்த பெட்டியைத் தானே சுமந்தபடி, வழி கேட்டுக் கேட்டுக் கருப்பம்மாள் காம்பரா வாசலுக்கு வந்துவிட்டாள். சேற்றில் செருப்பு புதைந்தது. அதை ஓரமாக விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தாள்.

கருப்பம்மாள் பதறிப்போய் ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். அவளுக்குச் சண்டை போடத் தெரியும். இப்படி வாசலில் வந்து நிற்கிறவளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"ஒன்னையக் கட்டாயப்படுத்த வரல தங்கச்சி" என்றாள் மெஹர்பானு. "வாத்தியார் எழுதியிருந்தாரு. அந்தப் பயம் எனக்குத் தெரியும். எங்க கடலோரத்துலயும் இதெல்லாம் உண்டு. எங்க உம்மாவுக்கும் ரெண்டு தவறித்தான் எங்கண்ணன் பொறந்தாரு. பிச்சைன்னுதான் பேரு வெச்சாங்க. அறுவது வயசாச்சு, கல்லு மாதிரி இருக்காரு. நாந்தான் எம் மவளுக்குப் பாத்துப் பாத்து நல்ல பேரா வெச்சேன்."

கருப்பம்மாள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

மெஹர்பானு நிறையப் பேசினாள். ஆசியாவுக்கு ஓத வந்த உஸ்தாதும் சரி, தமிழ் சொல்லிக் கொடுக்க வந்த வாத்தியாரும் சரி, ஒரே வருசத்தில் கையை விரித்துவிட்டார்களாம். எதற்கெடுத்தாலும் கேள்வி. ஒரு தடவை லூமுட்டுக்குப் போயிருந்தபோது கடல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, மழை கடலிலிருந்துதானே வருகிறது, அதில் ஏன் உப்பு இல்லை என்று கேட்டாளாம். வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை. வாத்தியார் கையில் ஒரு நல்ல புத்தகம் இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்று மெஹர்பானுவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பதில் வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. அதனால்தான் காசைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் வாத்தியாருக்குக் கொடுக்க வேண்டும் என்று புருசனிடம் அடம் பிடித்தாளாம். மழை அளக்கிற பிள்ளை என்று படித்ததும், இந்த வருசம் இந்தப் பள்ளிக்கூடம்தான் என்று அவளே கடுதாசியை எடுத்து வைத்தாளாம்.

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த தவிட்டம்மா மெதுவாக வெளியே வந்தாள்.

"உப்பு கனம். அது மேல ஏறாது" என்றாள். "ஸ்டோர்ல ரப்பர் காயுதுல்ல? பால்ல இருக்குற தண்ணி மட்டும் ஆவியாப் போயிரும். ரப்பர் கீழயே நின்னுரும். கடல்லயும் அப்படித்தான் தண்ணி மட்டும் போவும். உப்பு நின்னுரும். எனக்கு அப்படித்தான் தோணுது. சரியான்னு புஸ்தகம் பாத்தாத்தான் தெரியும்." பிறகு கருப்பம்மாளைப் பார்த்து, "சரிதானே அத்தை?" என்றாள்.

மெஹர்பானு துப்பட்டி முனையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இத எம் மவட்ட யாராச்சும் சொல்லிருக்கலாம்" என்றாள். அப்புறம், "அத்தைன்னா கூப்புடுது?" என்று கேட்டாள்.

கருப்பம்மாள் தலையை ஆட்டினாள்.

"என்னைய அவ உம்மான்னு பதினோரு வருசம் கூப்புட்டா. அது ஒண்ணுதான் இப்ப எங்கிட்ட மிச்சம். அதையும் கூப்புட விடாம வெச்சிருந்தேன்னா, எனக்கு என்ன இருக்கும் சொல்லு." அவள் எழுந்து பெட்டியைத் தூக்கினாள். "சரி தங்கச்சி, நான் வாரேன். ஒம் புள்ள நல்லா இருக்கட்டும்."

பெட்டி வாசலைத் தாண்டப் போனது. தவிட்டம்மா கொப்பளம் உடைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையைப் பார்த்ததும் கருப்பம்மாளுக்குத் தாங்கவில்லை.

"கொஞ்சம் நில்லுங்கம்மா" என்றாள். விறுவிறுவென்று பக்கத்துக் காம்பராவுக்குப் போய், இருளாயியின் கோழித் தவிட்டுப் பானையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். வந்தவள் மூச்சு வாங்க நின்றாள்.

"ஞாபகமாக் குடுக்குறேன்னா எனக்கு வாங்கப் பயமா இருக்கு. குடுக்காதீங்க. எனக்கு வித்துருங்க. எம் புள்ளைக்கு நான் குடுத்த வெலயே இதான். இதுக்கும் இதான் வெல. வித்துட்டீங்கன்னா இது எங்க பொருளு. எந்த எமன் வந்து கேட்டாலும் வெல குடுத்து வாங்குனதுன்னு சொல்லிக்குவேன்."

சிரிப்பாக இருக்கலாம், கேட்கிறவர்களுக்கு. அங்கே யாரும் சிரிக்கவில்லை. மெஹர்பானு பெட்டியைக் கீழே வைத்தாள். துப்பட்டி முனையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். கருப்பம்மாள் தவிட்டை அதில் போட்டாள். ஒரு பொட்டு சிந்தாமல் அதை முடிந்துகொண்டு, "வித்துட்டேன்" என்றாள் மெஹர்பானு. பெட்டியில் ஒட்டியிருந்த மகள் பேரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

கருப்பம்மாளுக்குப் புரிந்தது. "பேரு ஒட்டியே இருக்கட்டும். வித்தவங்க வீட்டுப் பேரு பொருள்ல இருந்தா என்ன போவுது? ரிஜிஸ்தர்லயும் எழுதிக்கச் சொல்லுங்க. நம்ம வீட்டுப் பேருதானே."

பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் வாத்தியார் மையும் காகிதமும் எடுத்து வைத்தார். இருளாயியும் வந்து, தன் தவிட்டை யார் எடுத்தது என்று சும்மா சத்தம் போட்டுக்கொண்டு நின்றாள். ராவுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாயார் யார் என்று கேட்டார். ரிஜிஸ்தரில் இருளாயி என்று இருப்பதாக வாத்தியார் இழுத்தார்.

"அத அடிச்சிருங்க வாத்தியாரய்யா" என்றாள் கருப்பம்மாள். "கருப்பம்மான்னு எழுதுங்க. நாந்தான் பெத்தவ." சொல்லிவிட்டுக் கட்டைவிரலை மையில் அழுத்தினாள். ரேகை கொஞ்சம் இழுபட்டுத்தான் விழுந்தது.

தவிட்டம்மா மறுநாளே பள்ளிக்கூடம் போனாள். வாத்தியார் சனிக்கிழமை ஈப்போ போய்ப் படித்துக்கொண்டு வந்ததைத் திங்கட்கிழமை இவளுக்குச் சொல்வார். புதன்கிழமைக்குள் இவள் கேட்கிற கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு மறு மாதம் திரும்பப் போவார். கொட்டகைக்கு முன்னால் ஒரு கம்பம் நட்டு, தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கின வேலிக்குள்ளே மழைக் குப்பி ஏறியது. அதன் வயிற்றில் ஆசியா என்று எழுதின காகிதம், மேலே மெழுகு பூசி ஒட்டியிருந்தது. கரிக்கோடெல்லாம் கட்டம் போட்ட நோட்டுக்குள் போனது. மாதம் முடிந்ததும் ஒரு பிரதி ஈப்போவுக்குப் போகும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடியும்போதே கொட்டித் தீர்த்தது. பெரட்டைக் கலைத்து விட்டார்கள். பேர் போனதே என்று எல்லாரும் வானத்தைத் திட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார்கள். கருப்பம்மாளும் வாளியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு, நனைந்த புடவையோடு பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தாள். தவிட்டம்மா வேலிக்குள் நின்று மழைக் குப்பியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் வேலியோரம் ஓடிவந்தாள்.

"அம்மா, ஒண்ணே முக்கால் இஞ்சு!"

சொன்ன வேகத்தில் அந்தப் பிள்ளையே பயந்து வாயைப் பொத்திக்கொண்டது. கருப்பம்மாள் வாளியைக் கீழே இறக்கினாள். மழை முகத்தில் அடித்தது.

"என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

"ஒண்ணே முக்கால் இஞ்சு" என்றாள் தவிட்டம்மா, விரலிடுக்கு வழியாக.

"அதில்ல. அதுக்கு முன்னால ஒண்ணு சொன்னியே, அதச் சொல்லு."